ரீகாம்பினேஷன்: மறுசேர்க்கை வேண்டாங்க, இழைத்தாவல்னு வெச்சுப் பாக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரே வைரசோட ரெண்டு திரிபு (வேரியண்ட்) கலந்து மூணாவதா ஒண்ணு பொறக்கறத இங்கிலீஷ்ல ரீகாம்பினேஷன்ம்பாங்க, அதுக்குத் தமிழ்ல மறுசேர்க்கைன்னே வெச்சு முடிச்சுடலாம்னு ஆத்தூர் டீச்சரம்மா எழுதியிருந்தாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சேர்க்கைன்னா நம்மூர்ல மொதல்ல ஞாபகம் வர்றது காலேஜ் அட்மிஷன்தான், மறுசேர்க்கைன்னா பாதியில நின்ன பையன் திரும்ப வந்து பேரு பதியறது, அத விட்டா "அவன் சேர்க்கை சரியில்ல"ன்னு வீட்டுல பொலம்பறது. சரி, அர்த்தம் பழகிடும்னே வெச்சுக்குவோம். ஆனா "மறு" எதுக்குங்க? முன்ன ஒண்ணா இருந்து பிரிஞ்சு போனது இங்க என்ன இருக்கு, திரும்ப சேர்றதுக்கு?

இத ஏன் இவ்ளோ நோண்டறேன்னா, கொரோனா ஓடின அந்த ரெண்டு மூணு வருசமும் டிவிக்காரங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையத்தான் போட்டு அடிச்சாங்க, "உருமாறிய கொரோனா". ஆல்பா வந்தப்பவும் அதான், டெல்டாவுக்கும் அதான், 2022ல ரெண்டு ஒமிக்ரான் கலந்து எக்ஸ்இ வந்தப்பவும் அதேதான். நான் அப்ப சேலத்துல ஒரு லேப்ல ஆர்டிபிசிஆர் பாத்துட்டு இருந்தேன், ரிசல்ட் வாங்க வர்றவங்க "இது உருமாறினதுங்களா, சாதா கொரோனாங்களா"ன்னு கேப்பாங்க. என்னத்த சொல்றது. வைரசோட மரபணுவுல எழுத்து ஒண்ணு மாறறது வேற, ரெண்டு திரிபு கலந்து மூணாவதா ஒண்ணு பொறக்கறது வேற. முதல்ல சொன்னதுக்கு திடீர்மாற்றம், சடுதிமாற்றம்னு வார்த்தை இருக்கு. ரெண்டாவதுக்குத்தான் இப்ப நாம தேடிட்டு இருக்கோம்.

உள்ள நடக்கறது என்னன்னா, கொரோனாவோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபணு இழை, கிட்டத்தட்ட 30,000 எழுத்து நீளம். ஒரே ஆளுக்கு ஒரே சமயத்துல ரெண்டு திரிபு தொத்தி, ரெண்டும் ஒரே செல்லுக்குள்ள நொழஞ்சிருச்சுன்னா, அங்க நகல் எடுக்கற பாலிமரேஸ் முதல் திரிபோட இழையப் படிச்சுக்கிட்டே வந்து பாதியில அத விட்டுட்டு, கையில இருக்கற அரைகுறை நகலோட ரெண்டாவது திரிபோட இழை மேல போய் உக்காந்து மிச்சத்த அங்கிருந்து எழுதும். பெரும்பாலும் எந்த எழுத்துல விட்டுச்சோ அதுக்கு நேரான எடத்துலயே போய் உக்காரும், ஏன்னா ரெண்டு இழையும் முக்காலே மூணு வீசம் ஒரே எழுத்துதான், அரைகுறை நகலோட நுனி அங்க அப்படியே பொருந்திப் போயிடுது. கொரோனா குடும்பத்துக்கு இது பிறவிக் குணம்னே சொல்லலாம், தன்னோட புரதங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன ஆர்என்ஏக்கள எழுதறப்பவே அந்த பாலிமரேஸ் ஒரே இழைக்குள்ள ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு எகிறித்தான் எழுதும். ஆக இங்க வெட்டறதும் இல்ல, ஒட்டறதும் இல்ல, சேக்கறதும் இல்ல. தாவறது, அவ்ளோதான்.

ஏற்காட்டுல காபித் தோட்டம் வெச்சிருக்கற அண்ணன் "ஒட்டுத்திரிபு"ன்னு ஒண்ணு குடுத்திருந்தாருங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, சட்டுனு புரியவும் புரியும், ஆனா தப்பாப் புரியும்ங்ணா. நம்ம சேலத்து மல்கோவாவையே எடுத்துக்கங்க. நாட்டு மாங்கன்னு மேல மல்கோவா குச்சிய ஒட்டு கட்டறோம், புடிச்சதுக்கப்புறம் ஒட்டுக்கு மேல வர்றது பூரா மல்கோவாதான், ஒட்டுக்குக் கீழ ஒரு துளிர் விட்டா அது நாட்டு மாதான், அதக் கிள்ளிப் போட்டுருவோம். ரெண்டு மரமும் ஒரே தண்ணியக் குடிக்குதே தவிர மரபணு கலக்கறதே இல்ல. வைரஸ்ல அப்படி இல்ல, கலந்த இழையே அடுத்தடுத்த தலைமுறைக்கு மூலமாப் போயிடுது. அதனால ஒட்டு வேண்டாம். கலப்பினமும் வேண்டாம், அது மாட்டுக்கும் நெல்லுக்கும் இருக்கட்டும்.

என் பரிந்துரை இழைத்தாவல். நடுவுல த் வருமா வராதான்னு இலக்கணம் படிச்சவங்க பாத்துச் சொல்லுங்க, எனக்கு ரெண்டும் ஓகே. தாவின எடத்துக்கு, அதாவது பிரேக்பாயிண்ட்டுக்கு, தாவிடம். அப்படிப் பொறந்த வைரசுக்கு தாவல்திரிபு.

எழுதிப் பாத்தாத்தானுங்க வார்த்தை நிக்குமா நிக்காதான்னு தெரியும். "எக்ஸ்டி ஒரு தாவல்திரிபு, உடம்பு பெரும்பாலும் டெல்டா, ஸ்பைக்ங்கற முள்ளுப் புரதம் மட்டும் ஒமிக்ரான் பிஏ.1." "எக்ஸ்பிபியோட பெத்தவங்க பிஜே.1, பிஎம்.1.1.1, ரெண்டுமே ஒமிக்ரான் பிஏ.2 வம்சம், தாவிடம் ஸ்பைக் மரபணுவுக்குள்ளயே இருக்கு." தடுக்காமப் போகுதில்ல? இந்த எக்ஸ்பிபி 2022ல தலை காட்டினது, அதோட வாரிசு எக்ஸ்பிபி.1.5க்குன்னே 2023ல தடுப்பூசிய மாத்தினாங்க, அதனால இது ஏதோ லேப் ஆளுங்க மட்டும் பேசிக்கற சமாச்சாரம்னு தள்ளிட முடியாது.

இன்னொண்ணு, ஃப்ளூவ இதோட கொழப்பக் கூடாது. ஃப்ளூ ஏ வைரசோட ஆர்என்ஏ ஒரே நீள இழையா இல்ல, எட்டுத் துண்டா இருக்கு. ரெண்டு ஃப்ளூ ஒரே செல்லுக்குள்ள போனா முழுசு முழுசாத் துண்டுங்க மாறிக்கும், நடுவுல எங்கயும் தாவ வேண்டியதே இல்ல. 1957, 1968, அப்புறம் 2009 பன்றிக்காய்ச்சல் மூணு பெருந்தொற்றும் இப்படி வந்ததுதான். இதுக்கு துண்டுமாற்றுன்னு தனி வார்த்தை வேணும். மறுசேர்க்கைன்னு ஒரே சாக்குல ரெண்டையும் போட்டுக் கட்டினா வித்தியாசம் போயிடும், டீச்சரம்மா கோச்சுக்காதீங்க.

தாவிடம்ங்கற வார்த்தை ஏன் கண்டிப்பா வேணும்னா, 2022 ஜனவரில சைப்ரஸ்லேர்ந்து "டெல்டாக்ரான்"னு ஒரு சேதி வந்து உலகமே பதறுச்சு ஞாபகம் இருக்குதுங்களா? அது தாவல்திரிபே இல்ல, பெரும்பாலும் லேப்ல ஒரு சாம்பிள் இன்னொண்ணுல கலந்த கதைதான்னு நெறைய விஞ்ஞானிங்க சொன்னாங்க. நெசமான தாவல்திரிபுன்னா ஒரு எடம் வரைக்கும் ஒரு திரிபோட எழுத்து, அதுக்கப்புறம் சுத்தமா இன்னொண்ணோட எழுத்துன்னு வரும், அதே தாவிடம் வேற வேற ஆளுங்க சாம்பிள்லயும் வரும். கலந்து போன சாம்பிள்ல ஒரே எடத்துல ரெண்டு எழுத்தும் சேந்து தெரியும். ஆர்டிபிசிஆர்ல இதெல்லாம் புடிபடாது, முழு மரபணுவையும் சீக்வென்ஸ் பண்ணி எழுத்தெழுத்தாப் படிச்சாத்தான் உண்டு.

டிஎன்ஏ பக்கம் நான் கைய வைக்கல. குரோமோசோம்ல நடக்கற குறுக்கேற்றம், இன்சுலின் தயாரிக்கற மறுகூட்டிணைவு டெக்னாலஜி எல்லாம் நெசமாவே வெட்டி ஒட்டறதுதான், பாடப்புத்தகத்துல இருக்கற வார்த்தையே இருந்துட்டுப் போகட்டும். எக்ஸ்பிபி, எக்ஸ்இ மாதிரி பேருங்களையும் தமிழ்ப்படுத்த வேண்டாம், முதல்ல எக்ஸ் இருந்தா அது தாவல்திரிபுன்னு உலகம் பூரா வெச்சிருக்கற அடையாளம் அது.

டீச்சரம்மா, உங்க பிளஸ் டூ புள்ளைங்ககிட்ட அர்த்தம் சொல்லாம இழைத்தாவல், துண்டுமாற்று ரெண்டையும் போர்டுல எழுதிப் போட்டு எது கொரோனா எது ஃப்ளூன்னு கேட்டுப் பாருங்களேன், அவங்க என்ன சொல்றாங்கன்னு இங்க எழுதுங்க.