பழைய பூங்காவை மறுசீரமைக்கும்போது எதை இடிப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி – நடைபாதை
வணக்கம். நேராக ஓடும் கான்கிரீட் கால்வாய், விரிசல் விட்ட சிமெண்ட் தளம், பூட்டிக்கிடக்கும் இரண்டு பழைய தொழிற்கூடங்கள் ஆகியவை அடங்கிய ஒரு பூங்காவின் மறுசீரமைப்பு வரைவுக்குக் கருத்துச் சொல்லும் குழுவில் நானும் இருக்கிறேன். கால்வாயை மூடி, கட்டடங்களை இடித்துவிட்டு, அங்கே புல்வெளியும் செயற்கை நீரூற்றும் வண்ண விளக்குகளும் அமைக்கப்படும் என்கிறது வரைவு. அதன் அட்டையில் ‘நீடித்த வளர்ச்சி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே அந்தச் சொல்லுக்கு விளக்கம் எதுவும் இல்லை. நாங்கள் என்னென்ன கேட்க வேண்டும்?

மறுமொழி – நீர்வழி
மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதை முதலில் கேளுங்கள். சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் உங்களுடையதைப் போலவே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கால்வாய் இருந்தது. அதை மூடாமல், வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 2012-இல் பணியை முடித்தார்கள். வெயில் நாளில் மக்கள் உட்கார்ந்திருக்கும் அதே புல்சரிவு, கனமழையின்போது ஆற்றுக்கு இடம் கொடுக்கிறது. கரையைத் தாங்குவதில் பெரும்பங்கு செடிகளின் வேர்களுக்கு உண்டு. பெயர்த்தெடுத்த கான்கிரீட் பாளங்களையும் வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், பூங்காவுக்குள்ளேயே ஒரு சிறு குன்றாக அடுக்கினார்கள். என்னைக் கேட்டால், இடிபாடுகள் எங்கே போகின்றன என்ற ஒரு கேள்வியிலேயே திட்டத்தின் தரம் பாதி தெரிந்துவிடும்.

மறுமொழி – கணக்கர்
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆறு கண்ணுக்குத் தெரிந்தாலே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். சியோல் நகரில் 2003 முதல் 2005 வரை மேம்பாலச் சாலையை அகற்றி, அதன் அடியில் மறைந்திருந்த சங்கேச்சான் ஓடையை ஏறத்தாழ 5.8 கிலோமீட்டருக்கு மீட்டெடுத்தார்கள். சாலை போய் நடப்பதற்கு இடம் கிடைத்தது, சுற்றுப்புறத்தின் வெப்பமும் தணிந்தது. ஆனாலும் அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் இறைத்து விடப்படுவதே. ஆகவே உங்கள் நீரூற்றுக்கான மின்கட்டணத்தையும் புல்வெளிக்கான பாசன நீரையும் திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து யார் ஏற்பார்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள்.

மறுமொழி – மண்வாசி
கட்டடங்களை இடிப்பதில் அவசரம் வேண்டாம். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் மூடப்பட்ட இரும்பாலையை, நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் பெரும்பாலும் இடிக்காமலேயே பூங்காவாக்கினார். அங்கிருந்த எரிவாயுக் கொள்கலத்தில் நீர் நிரப்பி, இன்று நீர்மூழ்கிப் பயிற்சி நடத்துகிறார்கள். தாதுக் கிடங்கின் சுவர்களில் மலையேறுவோர் பழகுகிறார்கள். எதையும் இடிக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. பலவீனமான கூரையை அகற்றத்தான் வேண்டும்.

ஆனால் தொழிற்கூடம் இருந்த இடம் என்பதால் மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகளுக்கான மணல்திடல் அமைப்பது ஆபத்து. சியாட்டிலில் பழைய எரிவாயு ஆலை நிலத்தில் 1975-இல் பூங்காவைத் திறந்தார்கள். மண்ணை நுண்ணுயிர்களின் துணையோடு சீராக்க முயன்ற முன்னோடித் திட்டம் அது. அங்கேயே பல ஆண்டுகளுக்குப் பின்னும் தூய்மைப் பணி தேவைப்பட்டது. மேலே நல்ல மண்ணைப் பரப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், ஆய்வக அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் – நடைபாதை
மூவருக்கும் நன்றி. இதைப் படித்தபின் வரைபடத்தை மீண்டும் விரித்துப் பார்த்தேன். கால்வாய்க்கு மேலே மூடுபலகை வரையப்பட்டிருக்கிறது. ஆனால் இருபுறத்திலிருந்தும் அதற்குள் வந்து விழும் ஏழு மழைநீர்க் குழாய்களில் ஒன்றுகூடப் புதிய வரைபடத்தில் இல்லை. மண் பரிசோதனை அறிக்கையும் இணைக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் நீரூற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் இவ்விரண்டையும் கேட்கப்போகிறேன்.