6–8 வகுப்புகளுக்குக் கலைத்திட்டமும் மதிப்பீடும் ஒரே நேரத்தில் மாறுகின்றன: பள்ளி எதில் தொடங்க வேண்டும்?

மணிச்சத்தம்:
அடுத்த கல்வியாண்டிலிருந்து நடுநிலை வகுப்புகள் மூன்றுக்கும் புதிய கலைத்திட்டம். ஆண்டிறுதித் தேர்வின் பங்கு குறைகிறது. செயல்திட்டம், வாய்மொழி வழங்கல் இரண்டையும் பாட ஆசிரியரே வகுப்பில் நடத்தி மதிப்பிட வேண்டும். மதிப்பெண் கிடையாது, நான்கு நிலைகள்தான். கையில் பத்து மாதம் இருக்கிறது. ‘புத்தகம் வரட்டும், பிறகு பயிற்சி வைத்துக்கொள்ளலாம்’ என்கிறது ஒரு தரப்பு. ‘இப்போதே எல்லாப் பாடத்துக்கும் ஆண்டுத் திட்டம் எழுதி முடிக்கலாம்’ என்கிறது இன்னொன்று. எது சரி? எங்கே சறுக்கும்?

பாடவேளைக்கணக்கு:
இரண்டுமே வேண்டாம். முதலில் கால அட்டவணையை எடுங்கள். அயர்லாந்தில் 12–15 வயதுப் பிள்ளைகளுக்கு 2015இல் வந்த கட்டமைப்பு, ஒரு பாடத்துக்கு மூன்றாண்டில் குறைந்தது 200 மணி நேரம் என்கிறது. கணிதத்துக்கும் மொழிப்பாடங்களான ஆங்கிலம், ஐரிஷ் இரண்டுக்கும் 240. இதை 40 நிமிடப் பாடவேளையில் போட்டுப் பாருங்கள். வாரம் 3 பாடவேளை, ஆண்டுக்கு 33 வாரம் என்றால் 66 மணி நேரம், மூன்றாண்டுக்கு 198. விளையாட்டு விழா, தேர்வு நாட்களைக் கழிக்கும் முன்பே இரண்டு மணி நேரம் துண்டு விழுகிறது! உங்கள் கலைத்திட்டம் கேட்கும் மணிக்கணக்கை இப்படி வகுத்துப் பார்க்காமல் ஆண்டுத் திட்டம் எழுதினால், மூன்றாம் பருவத்தில் செயல்திட்டத்துக்கு நேரமே இருக்காது. கடைசியில் அது வீட்டு வேலையாகிவிடும்.

அடுத்தது இடைப்பட்ட மாணவர்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. எதிர்மறை எண்கள் 7இலிருந்து 6ஆம் வகுப்புக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூன்று வகுப்புக்கும் ஒரே ஆண்டில் மாறினால், புதிதாக 7க்கு வருகிறவர்கள் பழைய 6இல் அதைப் படித்திருக்க மாட்டார்கள், புதிய 7இலும் அது இருக்காது. ஆனால் எட்டாம் வகுப்புச் சமன்பாட்டுக்கு அது இல்லாமல் நகர முடியாது. அதனால் பாடத்துக்கு ஒரு தாள் போடுங்கள். வரிசைக்கு ஒரு கற்றல் விளைவு, அதாவது மாணவர் கற்றிருக்க வேண்டிய ஒன்று. எதிரே ‘அதே வகுப்பில்’, ‘வகுப்பு மாறியது’, ‘முற்றிலும் புதிது’ என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தில் விழுந்தவை மட்டும்தான் இணைப்புப் பாடம். பெரும்பாலும் 6 முதல் 8 பாடவேளைக்குள் அடங்கும், முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம். இந்தத் தாளுக்குப் புத்தகம் வரவேண்டியதில்லை, கற்றல் விளைவுகளின் பட்டியல் போதும்.

சிவப்புமை:
கணக்கு சரி. ஆனால் பள்ளி உண்மையில் தடுமாறுவது மதிப்பீட்டில்தான், பத்து மாதத்தில் பாதியை அதற்கு வைக்க வேண்டும். ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் இரண்டாம் நிலையும் பக்கத்து அறை ஆசிரியர் நான்காம் நிலையும் கொடுத்தால் எந்தக் கலைத்திட்டமும் நிற்காது.

முதலில் அளவுகோலின் சொற்கள். ‘ஓரளவு’, ‘நன்றாக’, ‘மிக நன்றாக’ என்று நிலை பிரித்திருந்தால் அது அளவுகோலே இல்லை. கண்ணால் பார்த்து விரல் வைத்துக் காட்டக்கூடியதாக மாற்றுங்கள். நீரின் வெப்பநிலைக்கும் சர்க்கரை கரையும் நேரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறியும் பணி என்றால்:

எட்டவில்லை: வெப்பநிலையோடு நீரின் அளவும் மாறியிருக்கிறது.
எட்டியது: வெப்பநிலை மட்டும் மாறுகிறது, அளவீடுகள் அலகோடு அட்டவணையில் உள்ளன.
மேலே: ஒவ்வோர் அளவீடும் மூன்று முறை எடுத்துச் சராசரி காணப்பட்டிருக்கிறது.
மிக மேலே: ஒட்டாத அளவீட்டைச் சுட்டி, காரணம் ஊகித்து, முறையைத் திருத்தி மீண்டும் செய்திருக்கிறார்.

ஒரு பணிக்கு நான்கு கூறுகளுக்கு மேல் வைக்காதீர்கள். எட்டு, பத்து என்று போனால் ஆசிரியர் மொத்தமாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, பிறகு கட்டங்களை அதற்கேற்ப நிரப்புவார்.

இரண்டாவது, சமன்செய்யும் கூட்டம்: ஒரே படைப்புக்கு எல்லா ஆசிரியர்களும் ஒரே நிலை தரும்படி பேசி ஒத்துப்போவது. அயர்லாந்தில் பாட ஆசிரியர்கள் இதற்கென்றே சேர்ந்து உட்காருகிறார்கள். இது உட்பட்ட பணிகளுக்காக முழுநேர ஆசிரியருக்கு ஆண்டுக்கு 22 மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. பள்ளி நேரம் முடிந்த பிறகு வைத்துப் பாருங்கள், மூன்றாவது கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரமாட்டார்கள். நடத்தும் முறை எளிது. பெயர் மறைத்த ஆறு மாணவர் படைப்புகளை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். எல்லோரும் தனித்தனியே நிலை எழுதிக்கொண்டு வரவேண்டும். கூட்டத்தில் வந்து எழுதக் கூடாது. ஒரு படைப்புக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும். மூத்தவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் பென்சிலை எடுத்துத் தங்கள் நிலையைத் திருத்திவிடுவார்கள். ‘இந்தப் பையன் நல்லாப் படிப்பான்’ என்ற பேச்சு வந்தால் நிறுத்தி, தாளில் எந்த வரி என்று கேளுங்கள். முடிவும் காரணமும் இரண்டே வரியில் பதிவாகட்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் வகுப்பில் அந்த எல்லையில் நிற்கும் எல்லாப் படைப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும், கூட்டத்தில் பேசியதை மட்டும் அல்ல.

இதைப் புதிய ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஆண்டே பழைய பாடத்தில் ஒரு பணியை எடுத்து ஒத்திகை பாருங்கள்.

நான்காம்பருவம்:
சிவப்புமை சொன்னதோடு ஒன்று. நிலைகளைச் சதவீதமாக மாற்றும் ஆசை வரும். அலுவலக மென்பொருள் எண்ணைத்தான் கேட்கும். முதல் ஆண்டிலேயே தடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி வந்த நிலைகளைப் பள்ளிகள் 4அ, 4ஆ, 4இ போல உள்நிலைகளாகப் பிரித்து, பருவத்துக்கு இத்தனை படி ஏறவேண்டும் என்று ஓட்டின. எந்தப் படியில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, என்ன தெரியாது என்பது தெரியவில்லை. 2014 செப்டம்பரில் நிலைகளையே எடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கான அறிக்கையில் நிலையோடு ‘அடுத்து செய்ய வேண்டியது’ என்று ஒரு வரி இருந்தால் சதவீதம் கேட்பது குறையும்.

இன்னொன்று பணிகளின் நெரிசல். பத்துப் பாடம், பாடத்துக்கு இரண்டு பணி என்றால் இருபது. ஒவ்வொரு பாடமும் தனக்கு வசதியான வாரத்தைப் பிடித்தால் ஒரே பதினைந்து நாளில் ஏழு பணி வந்து நிற்கும். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரே அட்டவணை, ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டுக்கு மேல் கிடையாது என்று எழுதி ஒட்டுங்கள். முதலில் வந்து எழுதியவருக்கே அந்த வாரம். பணியின் வரைவு, குறிப்பேடு எல்லாம் வகுப்பிலேயே இருக்கட்டும். வீட்டுக்குப் போய் வந்தால் யார் செய்தது என்பதே கேள்வியாகிவிடும்.

மணிச்சத்தம்:
நன்றி. அப்படியானால் ஒத்திகையிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு சிக்கல்: இசைக்கும் கைவினைக்கும் எங்களிடம் ஒரே ஓர் ஆசிரியர்தான். யாரோடு சமன்செய்வது?

சிவப்புமை:
பக்கத்துப் பள்ளிகளின் இசை ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு குழு போடுங்கள். எல்லோரும் ஒரே பணியை, ஒரே அளவுகோலை வைத்திருப்பது முக்கியம். பதிவும் படமும் அனுப்பினால் போதும், நேரில் போகவேண்டியதில்லை. அதுவும் இயலாவிட்டால், திருத்திய ஆறு படைப்புகளை நிலை தெரியாமல் மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து அவரே மறுபடி மதிப்பிடட்டும். இரண்டு படைப்புகளுக்கு மேல் நிலை மாறினால் அளவுகோலின் எந்த வரி இரண்டு பொருள் தருகிறது என்று பார்த்துத் திருத்துங்கள்.