நியூட்ரினோ: கண்டுபிடிப்பா, அனாமத்துக் கணக்கா?

மண்டிக்கணக்கு (மாட்டுத்தாவணி):
பையன் பிளஸ் டூ இயற்பியல்ல பீட்டா சிதைவு படிக்கிறான், எட்டிப் பார்த்தேன். நியூட்ரான் சிதைஞ்சு புரோட்டானும் எலக்ட்ரானும் வருது. கூட்டிப் பார்த்தா ஆற்றல் குறையுது. உடனே 1930-ல பாலின்னு ஒருத்தர் "கண்ணுக்குத் தெரியாத துகள் ஒண்ணு எடுத்துட்டுப் போகுது"ன்னுட்டாராம். அதுக்குத்தான் இப்ப நியூட்ரினோன்னு பேராம். பதினெட்டு வருசமா பூக்கமிஷன் கடையில பேரேடு எழுதுறேன். ராத்திரி கணக்கு இடிச்சா வித்தியாசத்தை அனாமத்துல போட்டு நேர் பண்ணுவோம். அது கண்டுபிடிப்பா? ஆற்றல் அழியாதுங்கற விதி தப்புன்னு ஒத்துக்க வேண்டியதுதானே?

கரும்பலகை:
அண்ணே, மல்லி எடை குறைஞ்சா வர்ற வழியில வாடுச்சான்னுதானே முதல்ல கேப்பீங்க? எல்லிஸ், வூஸ்டர்னு ரெண்டு இயற்பியலாளர்களும் அதையேதான் கேட்டாங்க. பீட்டா சிதைவுல எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் வேற வேற ஆற்றலோட வந்துச்சு. எல்லா எலக்ட்ரானும் ஒரே ஆற்றலோட கிளம்பி வழியில சிந்துதோன்னு, ரேடியம் ஈ-ங்கற கதிரியக்கப் பொருளை ஈயத்துக்குள்ள அடைச்சு வெப்பத்தை அளந்தாங்க. சிந்தினது உண்மைன்னா ஒரு சிதைவுக்கு, எலக்ட்ரானோட உச்ச ஆற்றலான 1.05 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலை அளக்குற அலகு) சூடு வரணும். 1927-ல அளந்தப்ப வந்தது சுமார் 0.35. மிச்சம் ஈயத்துக்கே பிடி கொடுக்கல.

மண்டிக்கணக்கு:
இது என் கட்சிக்குத்தானே சாட்சி! பணம் காணோம், அவ்வளவுதான்.

கரும்பலகை:
உங்க கட்சியில இயற்பியல் மேதை நீல்ஸ் போரே இருந்தார். ஒவ்வொரு சிதைவுலயும் நேராக வேணாம், சராசரியில நேரானா போதும்னார். ஆனா சராசரின்னா சில எலக்ட்ரான் கூடுதலாவும் கொண்டு வந்திருக்கணுமே? உச்சவரம்பைத் தாண்டி ஒண்ணுகூட வரல. கல்லாவுல தினம் குறையுது, ஒரு நாள்கூட கூடல. அது கூட்டல் பிழையாண்ணே, இல்ல யாரோ எடுக்குறாங்களா?

எம்எஸ்சி_திருநகர்:
சார், ஆற்றலை விடுங்க, தற்சுழற்சியைப் (ஸ்பின், துகளுக்கு இயல்பாவே இருக்குற கோண உந்தம்) பாருங்க. நியூட்ரானுக்கு அரை. புரோட்டான் அரை, எலக்ட்ரான் அரை. ரெண்டு அரை சேர்ந்தா 0 இல்ல 1. சுற்றுப்பாதைக் கோண உந்தமும் முழு எண்தான். எப்படிக் கூட்டினாலும் அரை வராது. அரை தற்சுழற்சியோட மூணாவது ஆள் இருந்தே ஆகணும். (பாலி இதைக் கடிதத்துல எழுதி அனுப்பிட்டு, கூட்டத்துக்குப் போகாம சூரிச்ல நடன விருந்துக்குத் தங்கிட்டார். நம்ம ஆளு.)

மண்டிக்கணக்கு:
இது இடிக்குது, ஒத்துக்கறேன். ஆனா அனாமத்துன்னா ஒருநாள் ஆளைப் பிடிச்சு வசூலிக்கணும். பிடிச்சாங்களா?

கரும்பலகை:
1956-ல. ரைன்ஸும் கோவனும் அமெரிக்காவுல சவானா ரிவர் அணு உலை பக்கத்துல, காட்மியம் கரைச்ச தண்ணித் தொட்டியோட உக்காந்தாங்க. நியூட்ரான் சிதையுறப்ப வர்றது எதிர் நியூட்ரினோ, அதாவது நியூட்ரினோவோட எதிர்த்துகள். அது புரோட்டான்ல மோதினா பாசிட்ரானும் (எலக்ட்ரானோட எதிர்த்துகள்) நியூட்ரானும் வரும். பாசிட்ரானால ஒரு மின்னல். சில மைக்ரோ நொடி கழிச்சு நியூட்ரானைக் காட்மியம் விழுங்க, இன்னொண்ணு. ஜோடியா வந்தாத்தான் வரவு வச்சாங்க.

வைகைக்கரை:
அதைத்தானே நம்ம மதுரையில 85 டன் இரும்பு வச்சுப் பாக்குறாங்க?

எம்எஸ்சி_திருநகர்:
இல்லண்ணே, அந்த மினி கருவி பாக்குறது வானத்துலேர்ந்து வர்ற மியூவானை, அது எலக்ட்ரான் மாதிரியே ஆனா கனமான துகள். நியூட்ரினோவுக்குன்னு போட்ட திட்டம் தேனி பொட்டிப்புரத்துல, 50,000 டன். அந்தச் சண்டைக்கு வேற திரி தொடங்குங்க.

மண்டிக்கணக்கு:
சரி, இருபத்தாறு வருசத்துல தீர்ந்துச்சு. வேற ஏதும் தீராம நிக்குதா?

கரும்பலகை:
ஒண்ணு நிக்குது. எலக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகளுக்கு ஒண்ணு கூட்டி, எதிர்த்துகளுக்கு ஒண்ணு கழிக்கிற கணக்குக்கு லெப்டான் எண்ணுன்னு பேரு. எலக்ட்ரான்கூட எதிர் நியூட்ரினோ வர்றதாலதான் அது நேராகுது. நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் ஒண்ணேன்னா அந்த விதி உடையும். ஒரே அணுக்கருவுல ரெண்டு நியூட்ரான் ஒண்ணா சிதைஞ்சும் நியூட்ரினோ வராத இரட்டை பீட்டா சிதைவு நடக்குதான்னு தேடிக்கிட்டு இருக்காங்க, இன்னும் சிக்கல.

மண்டிக்கணக்கு:
அப்ப அந்தப் பக்கத்தை நான் மூடல சார். பென்சில்லயே இருக்கட்டும்.