தயிர்ச்சட்டியத் தட்டிப் பார்த்த மனுசன்: மட்டக்களப்புச் சந்தை, காத்தான்குடி ரோட்டு அனுபவங்கள்

வாவிக்கரை:
சந்தையடியில தயிர் வாங்காத ஆள் இங்க இரிக்க மாட்டீங்க, நேரா விசயத்துக்கு வாறன். கொழும்புக்கு இரவு பஸ். அவசரமாப் போய் முன்னால இருந்த சட்டியக் காட்டி, "ஐயா, இதக் குடுங்க" எண்டன். மனுசன் தரல்ல. "எப்ப சாப்பிடப்போற புள்ள?" எண்டு கேட்டார். நாளைக்குப் பகல் எண்டன். நான் காட்டினத ஒதுக்கி வெச்சிட்டு, பின்னுக்கு அடுக்கியிருந்த சட்டிகள விரல் முட்டியால ஒவ்வொண்டாத் தட்டிக்கொண்டு போனார். ஒண்டுல கை நிண்டுது. கடதாசியப் பிரிச்சு, சட்டியத் தலைகீழாக் கவுட்டார், என்ட புதுச் செருப்புக்கு நேர மேல! ஒரு சொட்டு விழல்ல. "இதுதான் நாளைக்குப் பதம். நீ காட்டினது இண்டைக்கே திண்டு முடிக்கணும், விடிஞ்சா புளிச்சிரும்."
அடுத்த நாள் சாப்பிட்டா சொன்னபடியே இருந்துது. தட்டினதுல அவருக்கு என்னதான் கேட்டுது?

படுவான்கரையான்:
ஒண்டும் கேட்டிரிக்காது தங்கச்சி, அது யாவாரிக் குணம். கவிழாதது எருமைப் பாலாலதான். பசும்பாலுக்குக் கொழுப்பு 4 வீதமளவில, எருமைக்கு 7 வீதத்துக்குக் கிட்ட. மிச்சத் தண்ணிய மண்சட்டி உறிஞ்சிரும். எந்தச் சட்டி எப்ப உறை ஊத்தினது எண்டு எங்கட வீட்டுல கயித்து முடிச்சுல அடையாளம் வெப்பம்.
மண்முனைப் பாலம் 2014லதான் திறந்தாங்க. அதுக்கு முதல் வாவிக்கு மேற்கால இரிக்கிற எங்கட படுவான்கரையில இருந்து கடல் பக்கத்து எழுவான்கரைக்குப் பாதையிலதான் வரணும், பாதை எண்டா ஆள், சைக்கிள் ஏத்துற மிதவை. ஒருநாள் நெரிசல்ல அப்பாட சைக்கிள்ல கட்டியிருந்த சட்டி ஒண்டு உடைஞ்சி, தயிர் கட்டி கட்டியாப் பலகையில கிடந்துது. பாதைக்காரன் மேலால அள்ளி வாழையிலையில வெச்சு எல்லாருக்கும் நீட்டினான். அப்பாவுக்கும் நீட்டினான். அவர் தலைய ஆட்டிட்டு வாவியப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

பேரீச்சை ராத்தா:
நீங்க தயிர விட்டு நகர மாட்டீங்க போல. காத்தான்குடி மெயின் ரோட்டுல, பேரீச்ச மரம் நட்டிரிக்கிற இடத்துல, பின்னேரம் நிண்டு பாருங்க. ரெண்டு பக்கமும் கொத்துரொட்டித் தகடு அடிக்கிற சத்தத்துல பக்கத்துல நிக்கிற ஆள் கதைக்கிறது கேக்காது. யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தியக் கூட்டிப்போயிருந்தன். பொழுதுபட்டுத் தொழுகைக்குக் கூப்பிடுற மஃரிப் பாங்கு கேட்டதுதான், ரோட்டு முழுக்கத் தகடு நிண்டுது. அரைவாசி கொத்தின ரொட்டி கல்லுல கிடந்து கருகுது, ஒருத்தரும் தொடல்ல. அவள் மேல பார்த்து, "என்னப்பா, கரண்ட் போயிட்டுதோ?" எண்டாள். கடைப் பொடியன் சிரிச்ச சிரிப்பு இப்பவும் கண்ணுக்குள்ள.

கல்முனை மச்சான்:
நானும் தயிர்ச்சட்டி கொண்டுபோய் சீட்டெல்லாம் ஊத்தினவன்தான். வாவிக்கரை, அடுத்தமுறை கவனிங்க. எஞ்சினுக்குக் கிட்ட வெக்க வேணாம், சூட்டுக்குப் புளிப்பு ஏறும். பொலித்தீன் சுத்தினா வேர்த்துத் தண்ணி விடும், கடதாசிதான் சரி. பழைய சாரனச் சும்மாடு மாதிரிச் சுருட்டி அதுக்கு மேல வெச்சு, மடியில வெச்சிக்கொள்ளுங்க. ஃப்ரீஸர்ல வைக்கவே கூடாது, பிறகு திரிதிரியாப் போகும். வெட்டி எடுக்கக்குள்ள ஒரு ஓரத்தால மட்டும் எடுங்க, நடுவுல தோண்டினா தண்ணி ஊறும். பாணி, அதான் கித்துள் பாகு, ஊத்திச் சாப்பிடுறது கொழும்பு ஆக்கள்ற பழக்கம். சுடுசோறு, வாழைப்பழம், கொஞ்சம் சீனி போட்டுப் பிசைஞ்சு பாருங்க. பிட்டோடையும் நல்லம். டயபெட்டிஸ் எண்டா சீனிய விடுங்க.

படுவான்கரையான்:
பாணியும் நல்லாத்தான் இரிக்கும் மச்சான். ஆக்களுக்குச் சட்டம் போடாதீங்க.

வாவிக்கரை:
மச்சான், நான் பஸ்ஸப் பத்திக் கேக்கல்ல, தட்டினதப் பத்தித்தான் கேட்டன். படுவான்கரை அண்ணன், முடிச்சுக் கதை நல்லம்தான். ஆனா அவர்ட சட்டி ஒண்டுலயும் கயிறே இல்ல, எல்லாம் ரப்பர் பேண்ட்.