சென்னை ராஜாஜி சாலை ஸ்டேட் வங்கிக் கட்டடம் யாருடைய பாரம்பரியம்?

செங்காவி:
பீச் ஸ்டேஷன் எதிரே நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தை ‘நம் பாரம்பரியம்’ என்று எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அதைக் கட்டிய மதராஸ் வங்கி, 1843இல் தொடங்கியது, யாருக்காக நடந்தது? வெள்ளைக்கார வியாபாரிகளுக்காக. 1890களில் கட்டடம் எழுப்பியபோது வடக்கே மசூதியிலும் அரண்மனையிலும் பார்த்த குவிமாடத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். மதுரையும் தஞ்சாவூரும் கண்ணில் படவில்லையா?

சுண்ணாம்புக்காரன்:
வடக்கத்திக் குவிமாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டியது யார்? வடிவமைப்பில் ஹென்றி இர்வின் பெயர் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றமும் கன்னிமாரா நூலகமும் அவர் எழுப்பியவைதாம். (கணித மேதை ராமானுஜன் 1920இல் கண்மூடியதும் சேத்துப்பட்டில் இவருக்குச் சொந்தமான வீட்டில்தான்.) இர்வினைத் தெரிந்த அளவுக்குச் செட்டியாரை நமக்குத் தெரியவில்லை. அது யார் குற்றம்?

செங்காவி:
செங்கல் சுமந்தவனுக்கு உள்ளே கணக்கு இருந்ததா, ஐயா? 1906இல் வெள்ளைக்காரர் நடத்திய வங்கியான ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊரார் சேமிப்பை விழுங்கிய பிறகுதான் நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று உறைத்தது. 1907இல் இந்தியன் வங்கி வந்தது. கொண்டாடுவதென்றால் அதைக் கொண்டாடுங்கள்.

பழைய பாஸ்புக்:
ஆர்பத்நாட் விழுந்ததற்கு இந்தக் கட்டடம் என்ன செய்யும்? மதராஸ் வங்கி விழவில்லை. 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்தது, 1955இல் அது ஸ்டேட் வங்கி ஆனது. பலகைதான் மாறியது. என் தாத்தாவும் அப்பாவும் ஏறிய படியில்தான் நானும் ஏறுகிறேன்.

சுண்ணாம்புக்காரன்:
நீங்கள் இருவரும் வரலாற்றிலேயே நில்லுங்கள், என் கவலை சுவரைப் பற்றியது. 2014இல் அங்கே தீப்பிடித்தது நினைவிருக்கிறதா? இந்த மாதிரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கிறேன் என்று சிமென்ட் பூசினால் தீர்ந்தது கதை. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பு செங்கல்லுக்குள்ளேயே தங்கிப் பூக்கும். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டுச் சுவர் அப்படித்தான் போயிற்று. விரலால் தொட்டால் பட்டாணிக் கடலைத் தோல்போல் செங்கல் உரிந்து வருகிறது.

செங்காவி:
சுவரைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? வாசலில் செட்டியார் பெயரை வெட்டி வைக்கட்டும், அன்றைக்கு நானும் வந்து கைதட்டுகிறேன்.

பழைய பாஸ்புக்:
கொத்தனார்கள் பெயரையும் சேர்த்தா?

செங்காவி:
அவர்கள் பெயர்தான் முதலில்.