குளிர்காலத்தின் நீண்ட இரவில் விளக்கேந்தி நடந்த அனுபவங்கள்

பிரைட்டன், இங்கிலாந்து

வருடத்தின் ஆக நீண்ட இரவு வரும் டிசம்பர் 21 அன்று இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நண்பகலிலும் தலைக்கு மேலே வராது. அடிவானத்திலிருந்து 16 டிகிரி அளவுக்கு எழும்பி, தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு இறங்கிவிடும். பகல் முழுசாக 8 மணி நேரம்கூட இல்லை. அதே நாளில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்துக்குப் போகும், பகலும் 11 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதனால் நம்மூரில் வளர்ந்த ஒருவருக்கு இந்த நாளை ஏன் கொண்டாட வேண்டும் என்று முதலில் விளங்காது. இங்கே ஒரு நவம்பர் மாதத்தைத் தள்ளிப் பார்த்தால் விளங்கிவிடும்.

அன்று நடக்கும் ஊர்வலத்துக்கு ‘பர்னிங் த க்ளாக்ஸ்’ என்று பெயர். ‘சேம் ஸ்கை’ என்ற கலை அமைப்பு 1994-இல் தொடங்கிய விழா இது. கிறிஸ்துமஸ் என்றாலே கடைத்தெரு என்று ஆகிவிட்டதே, எந்த மதத்தவரும் மதமே இல்லாதவரும் சேர்ந்து நடக்க ஒன்று வேண்டாமா என்ற எண்ணத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள். கடற்கரையில் நின்று வாணவேடிக்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் அது பாதி விழாகூட இல்லை. விளக்கைச் செய்து, தூக்கி, நடந்து, கடைசியில் நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் விஷயம்.

செய்வது சுலபம்தான், ஆனால் பொறுமை வேண்டும். வில்லோ மரத்தின் மெல்லிய விளார்களைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒடியாமல் வளையும். அவற்றை முக்கோணமாகவோ பிரமிடாகவோ மாஸ்கிங் டேப் சுற்றிக் கட்டி, உள்ளே விளக்கு தொங்க இடம் விட வேண்டும். அப்புறம் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி டிஷ்யூ காகிதத்தைப் போர்த்த வேண்டும். ஈரத்தில் தொய்வாகத் தொங்கும், பார்த்தால் கவலையாக இருக்கும். விட்டுவிடுங்கள். காய்ந்ததும் காகிதம் தானாக இழுத்துப் பிடித்து, விரலால் தட்டினால் தோல் போட்ட பறை மாதிரி ஒலிக்கும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒரு வாரத்துக்கு இதற்கே எழுதி வைத்தது. சாப்பாடெல்லாம் தரையில்தான்.

பள்ளிகளும் கலைக்குழுக்களும் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய உருவங்கள் செய்துகொண்டு வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருள் இருக்கும். ஆனாலும் கடிகார முகம் எங்காவது கட்டாயம் இருக்கும். உடையில், தொப்பியில், விளக்கில். நடுவில் மேளக்காரர்கள். ஊரின் மையத்தில் கிளம்பி, கடைத்தெருக்கள் வழியாகக் கடற்கரைக்கு இறங்க வேண்டும். தெரு குறுகலாகும் இடத்தில் ஊர்வலம் அடிக்கடி நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு வரும். “இது என்ன, மீனா?” “இல்லை, ராக்கெட்.” இத்தனை வருடமாக ஒரே தெருவில் இருந்தும் வணக்கம் சொல்லாத ஒரு பெரியவர் என் மகளின் விளக்கைச் சரியாகக் கட்டிக் கொடுத்தது அப்படி ஒரு நிறுத்தத்தில்தான்.

கடற்கரையில் மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். கரையில் பெரிய நெருப்பு எரியும். விளக்குகளை ஒவ்வொன்றாக வாங்கி அதில் சேர்ப்பார்கள். முடிந்துபோன வருடத்தின் கவலை, ஆசை எல்லாவற்றையும் அதோடு அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள். திருக்கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவதைச் சிறுவயதில் பார்த்த எனக்கு அந்த வெக்கை முகத்தில் பட்டதுமே பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. என் மகளுக்கோ அழுகை. “நான் செய்தது, நான் தர மாட்டேன்” என்று கட்டிப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்தோம், பிப்ரவரி வரை ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அவளாகவே ஓடிப்போய்க் கொடுத்தாள். காரணம் கேட்டதற்கு, “போன வருஷ விளக்கு தூசி பிடிச்சுப் போச்சு இல்ல?” என்றாள்.

வான்கூவர், கனடா

அக்கா, உங்கள் மகள் பக்கம்தான் நானும். எங்கள் ஊரில் விளக்குகளை எரிப்பதில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ‘சீக்ரெட் லாண்டர்ன் சொசைட்டி’ என்ற அமைப்பு தொண்ணூறுகளிலிருந்து இதை நடத்துகிறது. ஒரே ஊர்வலம் என்றில்லாமல் ஸ்ட்ராத்கோனா, கிரான்வில் தீவு, யேல்டவுன் என்று அந்தந்தப் பகுதி மக்கள் கூடி நடந்த வருடங்கள் உண்டு. சைனாடவுனில் 1986-இல் திறந்த சன் யாட்-சென் சீனத் தோட்டத்திலும் கொண்டாட்டம் இருக்கும். சீனர்களுக்கும் இந்த நாள் குடும்பத்தோடு கூடிச் சாப்பிடும் பண்டிகை என்பதால் அங்கே கூட்டம் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது யேல்டவுனில் ரவுண்ட்ஹவுஸ் சமூகக்கூடம். ஒரு காலத்தில் ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்த்த கட்டடம் அது. 1887-இல் வான்கூவருக்கு முதல் பயணிகள் ரயிலை இழுத்து வந்த 374 என்ற இன்ஜின் இன்னும் அங்கேதான் நிற்கிறது. கூடத்துக்குள்ளே தரையில் நூற்றுக்கணக்கான தேன்மெழுகுத் தீபங்களை வைத்து ஒரு வட்டப்பாதை அமைப்பார்கள். மெதுவாக நடுவரை நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். வெளியே வரிசையில் நிற்கும்போது எல்லாரும் போனும் கையுமாகத்தான் இருந்தார்கள். உள்ளே போனதும் பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு முன்னால் போன ஒரு பையன் மட்டும் “அம்மா, தேன் வாசனை” என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் சொன்னது சரிதான், கூடம் முழுக்க அதே வாசனை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பரில் வான்கூவர் என்றால் மழைதான். காகித விளக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்து நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் காலி பிளாஸ்டிக் பால் கேனில் துளை போட்டு விளக்காக்கி வந்துவிடுவார்கள். அழகு கம்மிதான், ஆனால் கடைசி வரை எரியும்.

பென்சான்ஸ், கார்ன்வால், இங்கிலாந்து

படிப்புக்காக வந்தவன் நான். விடுமுறைக்கு ஊருக்குப் போகக் காசில்லாமல் விடுதியில் கிடந்தபோது நண்பன் பென்சான்ஸுக்கு இழுத்துப் போனான். அங்கே அதே நாளில் ‘மோண்டால்’ என்ற விழா. 2007-இல் தொடங்கியது, ஆனால் கார்ன்வாலின் பழைய கிறிஸ்துமஸ் கால வழக்கங்களைத் திரட்டி எடுத்துச் செய்கிறார்கள். விளக்கு ஊர்வலம் உண்டு. ஆனால் பிரைட்டன் மாதிரி சாந்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகமூடி போட்டு, கந்தல் துணியும் உயரத் தொப்பியுமாக ஆட்டம், பாட்டு, மேளம். யார் என்ன வேலை செய்கிறவர் என்று தெரியாது, அதுதான் நோக்கமே. கடைசியில் ஒரு மரக்கட்டையில் சுண்ணக்கட்டியால் மனித உருவம் வரைந்து அதை நெருப்பிலிடுவார்கள். பழைய வருடம் போய்ப் புது வருடம் வருவதற்கு அடையாளம். என் கையிலும் ஒரு தீப்பந்தத்தைத் திணிக்கப் பார்த்தார்கள், நாசூக்காக மறுத்துவிட்டேன். செயற்கை இழை ஜாக்கெட் போட்டிருந்தேன்!

மதுரை

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம். சூரியன் வடக்கே திரும்புவது அன்றைக்குத்தானே? அப்படியானால் உத்தராயணம் தை ஒன்றாம் தேதி பிறக்கிறது என்று நாம் சொல்வது எப்படி?

பிரைட்டன், இங்கிலாந்து

வானத்தில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல்தான். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதத்தைக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வானத்தில் திரும்பும் நாளுக்கும் தை பிறப்புக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடிக்கொண்டே வருகிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, இங்கே சூரியன் ஆகச் சீக்கிரம் மறைவது 21-ஆம் தேதி அல்ல, அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்னால். ஆகத் தாமதமாக உதிப்பது மாதக் கடைசியில். பகல் நேரம் மொத்தத்தில் குறைவாக இருப்பதுதான் 21.

பிரைட்டன் ஊர்வலத்துக்கு வருவது பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2009-இல் பனிப்பொழிவால் ரத்தானது, 2020-லும் 2021-லும் கொரோனாவால் நடக்கவில்லை. கூழாங்கல்லில் தள்ளுவண்டி உருளாது, குழந்தையைத் தூக்கிச் சுமக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கடற்காற்று காதைக் கிழிக்கும், குல்லா முக்கியம். விளக்கை நெருப்புக்குக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் பேட்டரி விளக்கைக் கழற்றிக்கொள்ளுங்கள், அடுத்த வருடத்துக்கும் ஆகும். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ரயில் நிலையத்துக்கு ஒரே மேட்டில் ஏறும். அந்த நெரிசலில் சிக்காமல் சந்துக்குள் எங்காவது சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போவது உத்தமம்.