வினைமாறு போர்விமானம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

போர்விமானங்களைக் குறிக்கும் மல்ட்டிரோல் (பல பணிகளுக்கு உரியது), ஸ்விங்ரோல் (பறக்கும்போதே பணி மாறுவது) ஆகிய இரண்டுக்கும் 'பன்னோக்கு' என்ற ஒரே சொல் போதும் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சுவீடனின் கிரிப்பென் போர்விமானம் உருவான வழியைப் பார்த்தால், இவை இருவேறு கருத்துகள் என்பது விளங்கும்.

கிரிப்பெனுக்கு முந்தைய சுவீடன் போர்விமானமான விக்கென், ஏறத்தாழ ஒரே உடலமைப்பில் பல வகைகளாகக் கட்டப்பட்டது. ஏஜே 37 என்றால் தரைத்தாக்குதல் முதன்மை, வான்போர் துணைமை. அதே எழுத்துகளை இடம் மாற்றி ஜேஏ 37 என்றால் வான்போர் முதன்மை. நிழற்பட உளவுக்கு எஸ்எஃப், கடற்பரப்புக் கண்காணிப்புக்கு எஸ்எச் எனத் தனித்தனி வகைகள் இருந்தன. பணி வேறானால் விமானமும் வேறு.

1982இல் சுவீடன் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த கிரிப்பெனின் முறைப்பெயர் ஜேஏஎஸ் 39. யாக்ட் (வான்போர், நேர்ப்பொருள் வேட்டை), அட்டாக் (தாக்குதல்), ஸ்பானிங் (உளவு) ஆகிய மூன்றின் முதலெழுத்துகளும் ஒரே விமானத்தின் பெயரில் சேர்ந்துவிட்டன. விமானி பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால், ரேடாரும் காட்சித்திரைகளும் அடுத்த பணிக்கு உரியவையாக மாறுகின்றன. இவ்விமானத்தில் கணினியின் இடம் அவ்வளவு பெரிது. 1988 டிசம்பர் 9 அன்று முதன்முறை பறந்த மாதிரி விமானம், இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1989 பிப்ரவரி 2 அன்று லின்ஷோப்பிங்கில் தரையிறங்கும்போது நொறுங்கியதற்கும் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் குறையே காரணமாயிற்று. விமானி உயிர் பிழைத்தார்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். நம் ஊர்ப் பன்னோக்குக் கூடத்தில் காலையில் திருமணம் நடந்தால், மாலைக் கூட்டத்துக்கு மேடையைப் பிரித்து நாற்காலிகளை மாற்றிப் போட வேண்டும். தரையில் ஆயுதங்களையும் கருவிகளையும் மாற்றிக்கொண்டு வேறு பணிக்குச் செல்லும் விமானத்துக்கு இச்சொல் முற்றிலும் பொருந்தும். எனவே மல்ட்டிரோலுக்கு அதுவே இருக்கட்டும். (நாளிதழ்கள் 'பல்நோக்கு' என்று எழுதினாலும், புணர்ச்சிப்படி 'பன்னோக்கு' என்பதே சரி.) ஆனால் ஒரே பறப்பில், வானிலேயே நிகழும் மாற்றத்தை அது சொல்லவில்லை.

'பல்பணி' என்பது கணினித்துறையில் ஒரே நேரத்தில் பல வேலை செய்வதைக் குறித்து நிலைபெற்றுவிட்டது. 'பணிமாறு' அழகான சொல்தான். ஆயினும் அரசு ஊழியரின் பணிமாற்றமே முதலில் நினைவுக்கு வரும்.

ஆகவே 'வினைமாறு' என்று முன்மொழிகிறேன். வினைமுற்றி மீளும் தலைவன் என்று அகமரபு சொல்லும்போது, வினை என்பது பெரும்பாலும் போர்த்தொழிலே. முன்வினைப் பயன் என்ற பொருள் குறுக்கிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 'மாறு' வினைத்தொகையாக நிற்பதால் மாறிய, மாறுகின்ற, மாறும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பதால், 'வினைமாறு போர்விமானம்' என்றே எழுத வேண்டும். விமானி அழுத்தும் பொத்தானை 'வினைமாற்றி' எனலாம்.

பிரான்சின் ரஃபேல் போர்விமானத்துக்கு அதன் நிறுவனம் சூட்டியுள்ள ஆம்னிரோல் (எல்லாப் பணிக்கும் உரியது) என்பது விற்பனைக்கான பெயர். அதற்குத் தனிக் கலைச்சொல் தேவையில்லை என்று கருதுகிறேன். கலைச்சொல் பட்டியலில் ஸ்விங்ரோல் என்ற பதிவில் 'வினைமாறு' என்பதைச் சேர்ப்பதற்கு மறுப்பு இருப்பின், காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.